15 ஆம்பியர் ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது, 30 போட்டால் கருகல் வாடை வருகிறது: சின்ன டிரெய்லர் மின்சாரம்

#1 ஓரச்சாலை

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இது முதல் பதிவு. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம், வண்டியில் இழுத்துப்போய் உள்ளேயே தங்குகிற பழைய டிரெய்லர் ஒன்று வாங்கினோம். உள்ளே 4 மீட்டர் நீளம். நானும் மனைவியும் ஆறு வயது மகளும் படுக்க இடம் சரியாக இருக்கிறது. ஒயரிங் முழுக்க முன்பு வைத்திருந்தவர் தன் கையாலேயே செய்தது. முன்பக்கப் பெட்டியில் 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) லெட்-ஆசிட் பேட்டரி. அதிலிருந்து நடுவில் இருக்கும் சின்ன ஃபியூஸ் பாக்ஸுக்கு ஒயர் வருகிறது. அங்கிருந்து விளக்குகளுக்கு ஒரு லைன். மற்ற எல்லாவற்றுக்கும், அதாவது கம்ப்ரசர் ஃபிரிட்ஜ், கூரை ஃபேன், தண்ணீர் பம்ப், சார்ஜ் சாக்கெட் நான்குக்கும் சேர்த்து இன்னொரு லைன். அந்த லைனில் 15 ஆம்பியர் ஃபியூஸ்.

சாயங்காலம் லேப்டாப் சார்ஜில் இருக்கும்போது பாத்திரம் கழுவ பம்பைப் போட்டால் அந்த ஃபியூஸ் போய்விடும். எப்போதும் இல்லை, மூன்று தடவைக்கு ஒரு தடவை. முன்னவர் விட்டுப்போன பையில் 30 ஆம்பியர் ஃபியூஸ் பத்து இருந்தது. அதில் ஒன்றைப் போட்டேன். அதன்பின் போகவே இல்லை. சரி, தீர்ந்தது என்று நினைத்தேன்.

ஆனால் இரண்டு விஷயம் உறுத்துகிறது. நள்ளிரவுக்கு மேல் ஃபிரிட்ஜ் தானாக நின்று, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடுகிறது. அப்போது பேட்டரியைப் பார்த்தால் 12.3 வோல்ட் காட்டுகிறது, காலியாகவில்லை. இன்னொன்று, போன பயணத்தில் பின் சீட்டுக்கு அடியிலிருந்து லேசாக பிளாஸ்டிக் கருகின வாடை வந்தது. அந்த சீட்டில்தான் மகள் படுக்கிறாள். எங்கே தொடங்குவது என்று சொல்லுங்கள்.


#2 செம்புக்கம்பி

முதலில் அந்த 30 ஃபியூஸைக் கழற்றுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். சீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும்வரை அந்த லைனை ஆன் செய்யவே வேண்டாம்.

ஃபியூஸ் இருப்பது ஃபிரிட்ஜையோ பம்பையோ காப்பாற்ற அல்ல. ஒயரைக் காப்பாற்ற. அந்த ஒயர் எத்தனை ஆம்பியரைச் சூடாகாமல் தாங்குமோ அதற்கு மேல் போகவிடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. 15 தாங்கும் ஒயருக்கு 30 போட்டால், அளவுக்கு மீறிய கரன்ட் வரும்போது முதலில் சூடாவது ஒயர்தான், ஃபியூஸ் பேசாமல் இருக்கும். அதுவும் மெத்தைக்கும் பலகைக்கும் நடுவில்.

மூன்று தகவல் வேண்டும். அந்த லைன் ஒயரின் தடிமன் என்ன? பேட்டரிக்கும் ஃபியூஸ் பாக்ஸுக்கும் நடுவில், பேட்டரியை ஒட்டி ஏதாவது ஃபியூஸ் இருக்கிறதா? அப்புறம் ஃபிரிட்ஜ் ஓடும்போது மல்ட்டிமீட்டரை ஃபிரிட்ஜின் டெர்மினலிலேயே வைத்தால் எத்தனை வோல்ட்? பேட்டரியில் வரும் 12.3 ஃபிரிட்ஜுக்குப் போய்ச் சேருகிறதா என்பதுதான் கேள்வி. அளப்பதற்காக மட்டும் 15 ஃபியூஸைப் போட்டு, சீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே இருந்து பாருங்கள்.


#3 பழையபாதை

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். என் டிரெய்லரில் இதே மாதிரி லைனில் 25 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு 8 வருடமாக ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது கரன்ட் எகிறும், அதற்கு இடம் விட வேண்டாமா? ஃபிரிட்ஜ் நிற்பதற்குக் காரணம் பேட்டரி தளர்ந்துபோனதுதான் என்று படுகிறது. லித்தியம் போட்டுவிடுங்கள். வோல்டேஜ் கடைசிவரை 13-ஐ ஒட்டியே நிற்கும்.


#4 செம்புக்கம்பி

பழையபாதை, உங்கள் ஒயர் என்ன தடிமன்? 4 ஸ்கொயர் எம்எம் என்றால் உங்கள் 25 சரிதான், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். 1.5 என்றால், இன்றுவரை அதில் 25 ஆம்பியர் ஓடும் சந்தர்ப்பம் வரவில்லை என்பதுதான் அந்த 8 வருடத்தின் அர்த்தம். ஏதோ ஒரு நாள் பம்ப் மோட்டார் இறுகிப்போய் 22 ஆம்பியரை இழுத்துக்கொண்டே நின்றால் உங்கள் ஃபியூஸ் போகாது.

ஸ்டார்ட்டிங் கரன்டைப் பற்றி: பிளேடு ஃபியூஸ் கண நேர எகிறலுக்குப் போகாது. 15 ஃபியூஸ் 16 ஆம்பியரை மணிக்கணக்கில் விடும். 20 தொடர்ந்து போனால்தான் சில நிமிடங்களில் உருகும். அதனால் அவருக்கு ஃபியூஸ் போவது ஸ்டார்ட்டிங்கால் அல்ல. ஃபிரிட்ஜ் 5, ஃபேன் 2, பம்ப் 7, லேப்டாப் 6. கூட்டினால் 20. நிஜமாகவே லோடு அதிகம். ஃபியூஸ் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது.

லித்தியம் பற்றித் தனியாகப் பேசலாம். ஆனால் இந்த ஒயரிங்கில் இன்று லித்தியம் போடுவது ஆபத்தைக் கூட்டும். ஷார்ட் ஆனால் அது கொடுக்கும் கரன்ட் லெட்-ஆசிட்டை விட மிக அதிகம்.


#5 ஓரச்சாலை

சீட்டைத் திறந்தேன். எழுதும்போது இன்னும் கை சற்று நடுங்குகிறது.

ஒயர் 1.5 ஸ்கொயர் எம்எம், வீட்டு ஒயரிங்கில் வரும் ஒற்றைக் கம்பி மாதிரி. பேட்டரியிலிருந்து ஃபிரிட்ஜ் வரை சுற்றிச் சுற்றி 6 மீட்டர் வருகிறது. சீட்டுக்கு அடியில் ஒரு இணைப்பு: அந்த ஒயரின் இரண்டு துண்டுகளையும் முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறார். அந்த டேப் நடுவில் பழுப்பாகி, பசை வெளியே வழிந்து, பலகையில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தால் உள்ளே செம்பு பளபளப்பாக இல்லை, ஊதா கலந்த கறுப்பு. ஒயரின் மேலுறை இரண்டு பக்கமும் விரல் நீளத்துக்கு இறுகிச் சுருங்கி, வளைத்தால் பொரிந்து விழுகிறது. பலகையில் ஒரு கட்டைவிரல் அளவு பழுப்புக் கறை.

அளவுகள் இதோ. பேட்டரியில் 12.4 இருக்கும்போது, ஃபிரிட்ஜ் மட்டும் ஓடினால் ஃபிரிட்ஜ் டெர்மினலில் 11.5. ஃபேனும் பம்பும் சேர்ந்தால் பேட்டரியில் 12.3, ஃபிரிட்ஜில் 9.8. அந்த முறுக்கின் இரண்டு பக்கமும் மீட்டர் முனையை வைத்தேன், அரை வோல்ட் காட்டியது.

பேட்டரியை ஒட்டி ஃபியூஸ் எதுவும் இல்லை. பாசிட்டிவ் ஒயர் பெட்டியின் தகரத்தில் போட்ட ஓட்டை வழியாக நேராக வருகிறது. ஓட்டையில் ரப்பர் வளையம்கூட இல்லை.


#6 செம்புக்கம்பி

பார்த்துச் சொன்னதற்கு நன்றி. எல்லாவற்றுக்கும் பதில் உங்கள் அளவுகளிலேயே இருக்கிறது.

ஃபிரிட்ஜ் 5, ஃபேன் 2, பம்ப் 7 சேர்ந்து 14 ஆம்பியர். அந்த முறுக்கில் அரை வோல்ட் விழுகிறது. 14-ஐ அரையால் பெருக்கினால் 7 வாட். ஒரு மொச்சைக்கொட்டை அளவு இடத்தில் 7 வாட் சூடு, காற்றுப் போக வழியில்லாமல், டேப்புக்குள். லேப்டாப்பும் சேர்ந்து 20 ஆம்பியர் ஓடினால் அது 14 வாட்டுக்கு மேல், ஏனென்றால் கரன்ட் கூடும்போது சூடு அதன் வர்க்கமாகக் கூடும். 30 ஃபியூஸ் போட்டபின் வாடை வந்ததற்குக் காரணம் இதுதான்.

மீதி 2 வோல்ட் ஒயரில் போகிறது. 1.5 ஸ்கொயர் செம்பில் போக 6, வர 6 என்று 12 மீட்டருக்குத் தடை கிட்டத்தட்ட 0.14 ஓம். 14 ஆம்பியருக்கு இரண்டு வோல்ட் விழும். வரும் வழியான நெகட்டிவையும் கணக்கில் சேர்க்க வேண்டும், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். ஃபிரிட்ஜில் ஒரு கட்-ஆஃப் இருக்கிறது. தன் டெர்மினலில் வோல்டேஜ் இறங்கினால் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து நின்றுவிடும். உங்கள் பேட்டரி தீரவில்லை, வழியில் கரைந்துவிட்டது. அதிலும் 12 வோல்ட்டில் இரண்டு போவது ஆறில் ஒரு பங்கு. வீட்டில் 230-ல் இரண்டு போனால் யாருக்கும் தெரியாது. தடிமன் விஷயத்தில் வீட்டு ஒயரிங் பழக்கம் டிரெய்லரில் உதவாததற்கு இதுதான் காரணம்.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிய கவலை அந்தத் தகர ஓட்டை. டிரெய்லர் ஓடும்போது ஒயர் அந்த விளிம்பில் உரசிக்கொண்டே இருக்கும். மேலுறை தேய்ந்து பாசிட்டிவ் தகரத்தைத் தொட்டால், நடுவில் ஃபியூஸ் இல்லாததால் பேட்டரி மொத்தத்தையும் அந்த ஒயரில் கொட்டும். ஃபியூஸ் பாக்ஸ் அதற்குப் பிறகுதான் வருகிறது, அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஒயர் முழுநீளமும் சிவக்கும். இப்போதே பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி வையுங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். பாசிட்டிவை முதலில் கழற்றினால் ஸ்பேனர் வண்டி இரும்பில் பட்ட நொடியே ஷார்ட். மோதிரம், கைக்கடிகாரம் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.


#7 பழையபாதை

ஓரச்சாலையின் பதிவைப் படித்துவிட்டு என் டிரெய்லரைத் திறந்து பார்த்தேன். ஒயர் 2.5 ஸ்கொயர். 25 ஃபியூஸை எடுத்துவிட்டு 15 போட்டிருக்கிறேன். இணைப்புகளில் சூடுபட்ட அடையாளம் எதுவும் இல்லை. செம்புக்கம்பி சொன்னது சரி. அந்தச் சந்தர்ப்பம் எனக்கு வரவில்லை, அவ்வளவுதான்.


#8 ஓரச்சாலை

நெகட்டிவைக் கழற்றிவிட்டேன். முழுவதையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகவே செய்யலாம் என்று இருக்கிறேன். செம்புக்கம்பி அண்ணா, எந்த லைனுக்கு என்ன ஒயர், என்ன ஃபியூஸ் என்று சொன்னால் அதன்படியே வாங்குவேன்.


#9 செம்புக்கம்பி

பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் மெயின் ஃபியூஸ், 40 ஆம்பியர். அங்கிருந்து ஃபியூஸ் பாக்ஸுக்கு 10 ஸ்கொயர். நெகட்டிவுக்கும் அதே தடிமன். ஃபிரிட்ஜுக்கு யாரோடும் சேராத தனி லைன்: 6 ஸ்கொயர், 15 ஃபியூஸ். உங்கள் 6 மீட்டர் தூரத்துக்கு அதில் 0.2 வோல்ட்டுக்குக் கீழேதான் விழும். பம்புக்கு 2.5, ஃபியூஸ் 10. சாக்கெட்டுக்கு 4, ஃபியூஸ் 10. ஃபேனுக்கு 1.5, ஃபியூஸ் 5. ஃபிரிட்ஜ், பம்ப் இரண்டின் கையேட்டிலும் போடச் சொன்ன ஃபியூஸ் அளவு இருக்கும். அது இதைவிடக் குறைவாக இருந்தால் அதையே போடுங்கள்.

ஒற்றைக் கம்பி ஒயர் வேண்டவே வேண்டாம். வண்டி அதிர்வில் அது உள்ளுக்குள் ஒடியும். பல இழை ஒயர்தான். முனைகளில் சரியான அளவு லக்கு (ஒயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) போட்டு, அதற்கென்று இருக்கும் கிரிம்ப் கருவியால் அழுத்துங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்கினால் கிரிம்ப் ஆகாது. அழுத்தியபின் பலம் கொடுத்து இழுத்துப் பாருங்கள், கழன்று வந்தால் இப்போதே வரட்டும். சால்டர் மட்டும் வைத்து இணைக்காதீர்கள். ஈயம் இழைகளுக்குள் ஏறி அந்த இடம் விறைத்துவிடும், விறைப்பு முடிகிற இடத்தில் அதிர்வு ஒடித்துவிடும். தகரம் வழியாகப் போகும் ஒவ்வொரு ஓட்டையிலும் ரப்பர் வளையம், சாண் இடைவெளியில் கிளிப்.

சுவிட்சுகளில் ஒரு விஷயம். வீட்டு எம்சிபியையும் (லோடு கூடினால் தானே அணையும் சுவிட்ச்) வீட்டு சுவிட்சையும் 12 வோல்ட் லைனில் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏசி கரன்ட் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடுகிறது, அதனால் சுவிட்ச் திறக்கும்போது வரும் பொறி தானே அணையும். டிசியில் பூஜ்யம் கிடையாது, பொறி இழுத்துக்கொண்டே நிற்கும். டிசிக்கு எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று சாமானின் மேலேயே போட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

பேட்டரிக்கு ஒரு மெயின் கட்-ஆஃப் சுவிட்சும் வையுங்கள், நிறுத்தி வைக்கும் மாதங்களில் பேட்டரி மெல்ல வடிந்துபோகாது. உங்கள் டிரெய்லரில் எலக்ட்ரிக் பிரேக் இருந்தால், கொக்கி கழன்றால் தானே பிரேக் பிடிக்கவைக்கும் சுவிட்ச் ஒன்று இருக்கும். அதன் ஒயர் இந்தக் கட்-ஆஃபுக்கு முன்னாலேயே, நேராகப் பேட்டரியில் இருக்க வேண்டும். கட்-ஆஃபை மறந்து ஆஃபில் விட்டு வண்டியை ஓட்டினாலும் அந்த பிரேக் வேலை செய்தாக வேண்டும்.


#10 தும்பி

ஒயரிங் பற்றி அண்ணா சொல்லிவிட்டார். நான் இரவுக் கணக்கைச் சொல்கிறேன், ஏனென்றால் ஒயரை மாற்றியபின் உங்களுக்கு அடுத்த கேள்வி அதுதான். நாங்கள் நால்வர், இதைவிடச் சின்ன டிரெய்லரில் வருடத்தில் 40 இரவுக்கு மேல் தங்குகிறோம்.

லெட்-ஆசிட்டில் 100 ஏஎச் என்று எழுதியிருந்தாலும் 50 தான் உங்களுடையது. அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் சீக்கிரம் முடியும். லோடு இல்லாமல் சில மணி நேரம் ஓய்ந்திருந்த பேட்டரி 12.7 என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்தான். லோடு ஓடும்போது பார்க்கும் எண்ணை நம்பாதீர்கள், அது எப்போதும் குறைத்தே காட்டும்.

மாலை ஆறு முதல் காலை ஆறு வரை: ஃபிரிட்ஜ் 5 ஆம்பியர் என்றாலும் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் ஓடும், 12 மணி நேரத்துக்கு 20. ஃபேன் 8 மணி நேரம், 16. லேப்டாப் இரண்டு மணி நேரம், 12. விளக்கு 4. பம்ப் 7 ஆம்பியர் என்று பயமுறுத்தினாலும் மொத்தம் பத்து நிமிடம்தான் ஓடும், ஒன்றேகால்கூட ஆகாது. கூட்டினால் 53. உங்கள் பேட்டரிக்கு இது விளிம்பு. லேப்டாப்பை வண்டி ஓடும்போதே சார்ஜ் செய்து, ஃபேனைக் குறைந்த வேகத்தில் வைத்தால் 33-க்கு வந்துவிடும். நாங்கள் செய்த மாற்றத்தில் அதிகம் மிச்சமானது ஃபிரிட்ஜில்தான்: சாமான்களை வீட்டிலேயே நன்றாகக் குளிரவைத்து ஏற்றுவோம், டிரெய்லரை நிறுத்தும்போது ஃபிரிட்ஜ் பக்கம் வெயில் படாமல் பார்ப்போம்.

இன்வெர்ட்டர் இருக்கிறதா? எதையும் மாட்டாவிட்டாலும் ஆன் ஆகியிருந்தாலே பலவும் 10 வாட்டுக்கு மேல் இழுக்கும். ஒரு நாளைக்கு 20 ஏஎச்சாவது அப்படியே போய்விடும். வேலை முடிந்ததும் அணையுங்கள்.

இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்றால் ஷன்ட் (ஓடும் கரன்டை அளக்க உதவும் சின்ன உலோகத் தடை) வைத்த பேட்டரி மானிட்டர் போடுங்கள். எத்தனை ஏஎச் போயிற்று, எத்தனை வந்தது என்று அதுவே எண்ணும். ஆனால் எல்லா நெகட்டிவ் ஒயரும் ஷன்ட் வழியாகத்தான் போக வேண்டும். ஒன்றை நேராகப் பேட்டரியில் மாட்டினாலும் கணக்கு பொய்யாகிவிடும்.


#11 ஓரச்சாலை

அக்கா, இன்வெர்ட்டர் இருக்கிறது, 1000 வாட். இரவு முழுக்க ஆனில்தான் விட்டிருந்தோம், கொசு விரட்டும் சின்ன மெஷினுக்காக. இனி அதைக் கைவிட்டுவிட வேண்டியதுதான். அது தடித்த ஒயரில் நேராகப் பேட்டரிக்குப் போகிறது. அதிலும் ஃபியூஸ் இல்லை என்று இப்போதுதான் பார்க்கிறேன்.


#12 செம்புக்கம்பி

1000 வாட்டுக்கு 12 வோல்ட் பக்கம் இழப்பையும் சேர்த்து 100 ஆம்பியரை ஒட்டி ஓடும். கூடியவரை நீளம் குறைத்து 35 ஸ்கொயர், பேட்டரியை ஒட்டி 125 ஃபியூஸ். 2000 வாட் கெட்டில் மாதிரி எதையும் 12 வோல்ட் இன்வெர்ட்டரில் நினைக்கவே வேண்டாம். இழப்பும் சேர்ந்து 200 ஆம்பியரை ஒட்டிவிடும்.


#13 பழையபாதை

சரி, இப்போது லித்தியம் பற்றிக் கேட்கலாமா? நான் மாறலாம் என்று யோசிக்கிறேன், என் பேட்டரி நிஜமாகவே தளர்ந்துவிட்டது.


#14 மலைத்தடம்

நான் மாறி 3 வருடம் ஆகிறது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட். எடை பாதிக்கும் கீழே, 100-ல் 80, 90 தாராளமாக எடுக்கலாம். திரும்பிப் போக மாட்டேன். ஆனால் பேட்டரியை மட்டும் மாற்றினால் போதாது.

பழைய சார்ஜர் லித்தியத்துக்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும். அதற்குச் சார்ஜிங் 14.2 முதல் 14.6 வோல்ட் வரை. லெட்-ஆசிட்டுக்கான சல்பேட் நீக்கும் முறை உள்ள சார்ஜரை மாட்டக்கூடாது. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யவே கூடாது, செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரக் கேடாகும். குளிரில் சார்ஜைத் தானே நிறுத்தும் பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்) இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

இழுக்கும் வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்து (எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் கருவி) நேராக மாட்டாதீர்கள். லித்தியம் கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும். வண்டி நின்றபடி எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆல்டர்னேட்டருக்குக் காற்று குறைவு, கரன்ட் முழு அளவு. எனக்கு அப்படித்தான் ஒன்று எரிந்தது. நடுவில் டிசி-டிசி சார்ஜர் வைத்தால் அது 20 அல்லது 30 ஆம்பியருக்கு மேல் இழுக்காது, தூரத்தில் விழும் வோல்டேஜையும் தூக்கிக் கொடுக்கும்.

மெயின் ஃபியூஸ் கிளாஸ்-டி (Class T) வகையாக இருக்க வேண்டும். சாதாரண பிளேடு ஃபியூஸ் 1000 ஆம்பியர் ஷார்ட் வரைதான் துண்டிக்க உத்தரவாதம். லித்தியம் ஷார்ட் அதைத் தாண்டும். அப்போது ஃபியூஸ் உருகினாலும் உள்ளே பொறி பாலம் கட்டி நிற்கும். கிளாஸ்-டி 20,000 ஆம்பியர் வரை துண்டிக்கும்.


#15 ஓரச்சாலை

இதையும் கேட்டுவிடுகிறேன். தங்குமிடத்துக் கம்பத்தில் 230 வோல்ட் மாட்டியிருந்தபோது ஒரு நாள் காலை, வெறுங்காலோடு ஈரப் புல்லில் நின்று கதவுக் கைப்பிடியைத் தொட்ட மனைவி சுருக்கென்று இருந்ததாகச் சொன்னாள். நான் செருப்போடு தொட்டேன், ஒன்றும் தெரியவில்லை. பனி ஈரமாக இருக்கும் என்று விட்டுவிட்டோம்.


#16 செம்புக்கம்பி

இந்த இழையிலேயே முக்கியமான பதிவு இதுதான். அதை விட்டுவிடாதீர்கள்.

டிரெய்லரின் வெளித்தகரத்தில் மின்சாரம் இருந்திருக்கிறது. எர்த் சரியாக இருந்தால் அது நடக்க வழியே இல்லை. அதனால் கம்பத்திலோ, கேபிளிலோ, உங்கள் இன்லெட்டிலோ (டிரெய்லரில் கேபிள் மாட்டும் இடம்) எர்த் அறுந்திருக்கிறது. சார்ஜர் போன்றவற்றின் உள்ளே ஃபில்டர் கபாசிட்டர்கள் இருக்கும். எர்த் இல்லாதபோது அவை தகரத்தைப் பாதி வோல்டேஜுக்குத் தூக்கி வைக்கும், சுருக்கென்ற அளவுக்கு மட்டும் கசியும். அது மட்டும்தான் என்றால் ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் எர்த் அறுந்த நிலையில் உள்ளே ஒரு ஃபேஸ் ஒயர் தகரத்தைத் தொட்டால் முழு 230-ம் கதவுக் கைப்பிடியில் நிற்கும். இரண்டில் எது என்று தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. செருப்போடு தொட்டதால் உங்களுக்குத் தெரியவில்லை, அது பாதுகாப்பு இருந்ததற்கு அடையாளம் அல்ல.

மறுபடி அப்படி உணர்ந்தால்: உள்ளே இருப்பவர்கள் உள்ளேயே இருக்கட்டும். தகரத்தில் ஒரு கையும் தரையில் ஒரு காலும் சேரக்கூடாது. டிரெய்லரைத் தொடாமல் கம்பத்துக்குப் போய் அங்கே அணைத்து, பிளக்கை உருவுங்கள். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் பார்த்து அளக்கும்வரை 230 வேண்டாம். 12 வோல்ட் பக்கம் நீங்களே செய்யலாம் என்று நான் சொன்னேன். இந்தப் பக்கம் அப்படிச் சொல்லமாட்டேன்.

அவரிடம் இதையெல்லாம் கேளுங்கள். கேபிள் முனைக்கு முனை எர்த் தொடர்ச்சி. டிரெய்லரின் சட்டகமும் வெளித்தகரமும் எர்த்தோடு கட்டப்பட்டிருக்கிறதா என்று. நுழைவிலேயே 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்), ஃபேஸ் நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் வகை. சில கம்பங்களில் இரண்டும் மாறியிருக்கும், ஒன்றை மட்டும் துண்டித்தால் அணைத்தபின்னும் உள்ளே மின்சாரம் இருக்கும். டிரெய்லருக்குள் எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்துக் கட்டியிருந்தால் பிரிக்கச் சொல்லுங்கள், கம்பத்தில் இருக்கும்போது அந்தக் கட்டு சப்ளை பக்கம் மட்டும்தான். உங்கள் 1000 வாட் இன்வெர்ட்டரில் ஓடும்போது கதை வேறு. தனி இன்வெர்ட்டர்கள் பலவற்றில் எர்த்-நியூட்ரல் கட்டே இருக்காது, அப்போது ஆர்சிசிபி இருந்தும் ட்ரிப் ஆகாது. அதனால் இன்வெர்ட்டரின் சாக்கெட்டில் ஒரே ஒரு கருவியை நேராக மாட்டுங்கள், டிரெய்லர் முழுவதையும் அதில் இணைக்காதீர்கள்.

மாட்டும் ஒழுங்கு: முதலில் டிரெய்லர் பக்கம், அப்புறம் கம்பம். கழற்றும்போது முதலில் கம்பம். மாட்டியதும் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை ஒரு தடவை அழுத்துங்கள். கேபிள் 2.5 ஸ்கொயர், 3 கோர், உருளையில் சுற்றியபடி ஓட்டாதீர்கள். சுற்றின் நடுவில் இருக்கும் ஒயரின் சூடு வெளியேற முடியாது. ஹீட்டர் ஓடும் ஒரு இரவில் உருளையே உருகி ஒரே கட்டியாகியிருந்ததைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன்.


#17 மலைத்தடம்

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 6 மீட்டராவது தள்ளி, புகை டிரெய்லர் பக்கம் வராத திசையில். ஒரு தடவை நாங்கள் படுத்தபின் காற்று திசை மாறி, திறந்திருந்த ஜன்னல் வழியாகப் புகை உள்ளே வந்தது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை இல்லை. கூரையில் இருந்த அலாரம் அடித்ததால்தான் எழுந்தோம், தலை கனத்து, கால் தள்ளாடியது. இப்போது படுக்கும்முன் ஜெனரேட்டரை அணைத்துவிடுகிறோம். அலாரத்தின் காலாவதித் தேதியை வருடம் ஒரு தடவை பார்க்கிறேன்.


#18 தும்பி

லெட்-ஆசிட் பெட்டிக்கு வெளிக்காற்றுத் துவாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள் ஓரச்சாலை. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றும். துவாரம் மேல்பக்கம் இருக்க வேண்டும், ஹைட்ரஜன் காற்றை விட லேசானது.

சோலார் வைத்தால் கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை மாட்டிவிட்டு அப்புறம் பேனல். 100 வாட் பேனல் நல்ல வெயில் நாளில் 25, 30 ஏஎச் கொடுக்கும். மர நிழல் ஒரு மூலையில் விழுந்தால்கூட அது பாதிக்கும் கீழே போய்விடும்.


#19 ஓரச்சாலை

மூன்று வாரம் ஆயிற்று, முடித்துவிட்டேன். பழைய ஒயரைப் பிடுங்கும்போது அந்தத் தகர ஓட்டையில் மேலுறை ஒரு பக்கம் தேய்ந்து, செம்பு ஒரு கோடாகத் தெரிந்தது. இன்னும் எத்தனை பயணம் தாங்கியிருக்குமோ.

இப்போது பேட்டரியில் 12.5, ஃபிரிட்ஜில் 12.3. பம்ப், ஃபேன் எல்லாம் போட்டாலும் ஃபிரிட்ஜில் 12.2-க்குக் கீழே இறங்கவில்லை. ஒரு மணி நேரம் எல்லாம் ஓடியபின் ஒவ்வொரு இணைப்பிலும் கை வைத்துப் பார்த்தேன், எதுவும் வெதுவெதுப்பாகக்கூட இல்லை. மெயின் ஃபியூஸும் இன்வெர்ட்டர் ஃபியூஸும் பேட்டரிக்கு ஒரு சாணுக்குள். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார்: இன்லெட்டுக்குள் எர்த் ஒயர் திருகிலிருந்து கழன்று சும்மா நின்றது. சரிசெய்து, ஆர்சிசிபி மாற்றி, அளந்து எழுதிக் கொடுத்தார். முன்னவர் விட்டுப்போன 30 ஃபியூஸ்களை உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டேன். கைவசம் இருந்தால் என்றைக்காவது அவசரத்தில் யாராவது எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

நாளை இரண்டு இரவுப் பயணம்.


#20 செம்புக்கம்பி

நல்ல வேலை. முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, பேட்டரி டெர்மினலையும் ஃபியூஸ் நட்டுகளையும் ஸ்பேனரால் ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். புது லக்குகள் அதிர்வில் கொஞ்சம் படியும்.


#21 ஓரச்சாலை

பார்த்தேன் அண்ணா. இன்வெர்ட்டர் ஃபியூஸின் ஒரு நட்டு கால் சுற்று திரும்பியது. மற்றதெல்லாம் இறுக்கமாக இருந்தன. இரவு ஃபிரிட்ஜ் நிற்கவில்லை.